முன் ஷாக்கின் எண்ணெயும் மூடியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வாகனப் பராமரிப்புப் பகுதிக்கு வந்த கடிதங்களில், இந்த முறை மோட்டார் சைக்கிளின் முன்பக்க ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் இரண்டு குழாய்க் கால்கள் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பட்டறைகளில் இதை 'முன் ஷாக்' என்றுதான் சொல்வார்கள். இங்கும் இரண்டு சொற்களும் கலந்தே வரும்.

கேள்வி: என்னுடையது பதினோரு ஆண்டுகள் ஓடிய 150 சிசி வண்டி. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'தட்' என்று அடிக்கிறது. பிரேக் பிடித்தால் வண்டியின் முகம் சட்டென்று தாழ்ந்துவிடுகிறது. எண்ணெய் எங்கும் கசியவில்லை. எங்கள் ஊர் மெக்கானிக், "பழைய ஆயிலை எடுத்துவிட்டு 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ஷாக் கெட்டியாக நிற்கும்" என்கிறார். அப்படிச் செய்யலாமா? இந்த வேலையை நானே வீட்டில் செய்துகொள்ள முடியுமா?
(தென்காசி வாசகர்)

பதில்: வேலையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இன்ஜின் ஆயில் ஊற்ற வேண்டாம். ஆனால் ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் திரும்புவதற்காக வண்டியின் கழுத்தில் இருக்கும் பேரிங்கான கோன் செட்டின் இடத்தில் இன்னொருவர் விரலை வைத்துப் பார்க்கட்டும். அங்கே அசைவு தட்டுப்பட்டால், நீங்கள் கேட்கும் சத்தத்தில் ஒரு பங்கு கோன் செட்டுடையது. ஃபோர்க்கில் என்ன எண்ணெய் ஊற்றினாலும் அது நிற்காது.

வண்டியின் எடையைத் தாங்குவது ஃபோர்க் குழாய்க்குள் இருக்கும் நீண்ட சுருள்வில். எண்ணெய்க்கு அந்த வேலை இல்லை. ஃபோர்க் அமுங்கும்போதும் மீளும்போதும் சிறு துளைகள் வழியே எண்ணெய் பிதுங்கிப் போக வேண்டியிருப்பதால், அது அசைவின் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துகிறது. எண்ணெய் இல்லாவிட்டால் ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி அடுத்த தெரு வரை குதித்துக்கொண்டே போகும். 1935இல் பிஎம்டபிள்யூ தன் ஆர் 12 வண்டியில் எண்ணெயால் அசைவைத் தணிக்கும் டெலிஸ்கோப்பிக் ஃபோர்க்கைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. ஆகவே, 'கெட்டியான எண்ணெய் ஊற்றினால் ஷாக் கெட்டியாகும்' என்பது பாதி உண்மைதான். தாழ்வது மெதுவாகும், தாழும் அளவு அவ்வளவாகக் குறையாது. மீள்வதும் மெதுவாகும் என்பதுதான் இதில் ஆபத்து. நெடுஞ்சாலைச் சந்திப்புகளுக்கு முன் அடுத்தடுத்து ஐந்தாறு வரிகளாகப் போட்டிருக்கும் சிறு வேகத்தடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் அமுங்கிய ஃபோர்க் முழுதாக நிமிர்வதற்குள் இரண்டாவது வந்துவிடும், அதிலிருந்து மீள்வதற்குள் மூன்றாவது; கடைசி வரியில் ஃபோர்க்குக்கு அமுங்குவதற்கு இடமே மிச்சமிருக்காது.

20டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலின் பாகுத்தன்மை 40 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 120 சென்டிஸ்டோக் இருக்கும். 10டபிள்யூ என்று விற்கும் ஃபோர்க் ஆயிலோ பெரும்பாலும் 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதாவது மூன்று, நான்கு மடங்கு வித்தியாசம். அதோடு இன்ஜின் ஆயிலில் கரியைக் கழுவிக் கலக்கி வைப்பதற்கான மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. ஃபோர்க்குக்கு வேண்டியது நுரைக்காத எண்ணெய். சில பழைய வண்டிகளின் கையேடே இன்ஜின் ஆயிலைச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் கையேடு சொன்னபடி செய்யுங்கள், அந்த ஃபோர்க்கின் துளைகள் அந்த எண்ணெய்க்காகவே போடப்பட்டவை. 1970களில் ஹோண்டாவின் சில வண்டிகளுக்கு, கார்களின் தானியங்கி கியர்பெட்டிக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெயைத்தான் ஃபோர்க்குக்கும் சொல்லியிருந்தார்கள்; அதன் பாகுத்தன்மை ஃபோர்க் ஆயிலுக்கு நெருங்கியது என்பதால் அது பொருந்தியது. ஃபோர்க் ஆயில் டப்பாவின் மேல் இருக்கும் 5டபிள்யூ, 10டபிள்யூ போன்ற எண்களையும் முழுக்க நம்பிவிட வேண்டாம். ஒரு கம்பெனியின் 10டபிள்யூ இன்னொன்றின் 15டபிள்யூ அளவுக்குக் கெட்டியாக இருப்பதுண்டு. முடிந்தவரை வண்டிக் கம்பெனி சொல்லும் எண்ணெயையே வாங்குங்கள், இரண்டு பக்கத்துக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும்படி இன்ஜினுக்கு அடியில் ஜாக்கியோ தடித்த மரக்கட்டையோ கொடுங்கள். சைலன்சர் குழாயின் மேல் முட்டுக் கொடுக்காதீர்கள். டிஸ்க் பிரேக் இருந்தால், பேடுகளால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், அதன் எடை ஹோஸில் தொங்கக் கூடாது. பேடுகளுக்கு நடுவே ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டால், யாராவது தெரியாமல் பிரேக் லீவரை அமுக்கினாலும் பிஸ்டன் வெளியே வந்துவிடாது. சக்கரத்தையும் மட்கார்டையும் கழற்றிய பின், இரண்டு குழாய்களையும் மேலும் கீழுமாக இரண்டு தட்டுகளால் பிடித்திருக்கும் டி ஸ்டெம்மின் மேல்தட்டுக்கு மேலே ஃபோர்க் குழாய் எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். திரும்பப் பொருத்தும்போது கண்மதிப்பில் வைப்பவர்களே அதிகம். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று பிறகு புலம்புவதும் அவர்கள்தான்.

அடுத்த படிதான் பலரும் தவறுகிற இடம். மூடியை, அதாவது குழாயின் தலையில் திருகியிருக்கும் ஃபோர்க் கேப்பை, குழாய் வண்டியில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். கழற்றிக் கையில் எடுத்த பிறகு, வழுக்கும் உருண்டைக் குழாயை எதில் பிடிப்பது? அதற்கு முன் மேல்தட்டில் குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்துங்கள். அந்த இறுக்கம் குழாயை நெரித்து மூடியின் மரையையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அதைத் தளர்த்தாமல் மூடியைத் திருகினால் மரை உரிந்துவிடும். கீழ்த்தட்டின் போல்ட் இறுக்கமாகவே இருக்கட்டும், குழாய் சுழலாமல் அது பிடித்துக்கொள்ளும். மூடி அரைச் சுற்றுத் தளர்ந்தால் போதும், பிறகு கீழ்ப் போல்ட்டையும் தளர்த்திக் குழாயைத் திருகினாற்போல் கீழே இழுத்து எடுத்துவிடலாம். ஹேண்டில்பார் குறுக்கே நின்றால் அதை மேல்தட்டோடு பிடித்திருக்கும் கிளாம்ப்களைக் கழற்றி, பெட்ரோல் டாங்கின் மேல் பழைய போர்வையை விரித்துப் பின்னால் சாய்த்து வையுங்கள்.

மூடிக்குக் கீழே சுருள்வில் பல கிலோ விசையோடு அமுங்கி நிற்கிறது. என் முதல் வண்டியில் இதை நான் உணராமல், குனிந்து பார்த்தபடியே ஸ்பானரால் திருகிக்கொண்டிருந்தேன். கடைசி மரை விட்டதும் மூடி என் காதை உரசிக்கொண்டு போய்த் தகரக் கூரையில் மோதி விழுந்தது. கண்ணுக்கு நேராக வந்திருந்தால் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன். கடைசி இரண்டு மூன்று சுற்றுகளுக்கு ஸ்பானரை விட்டுவிட்டு, கனமான துணியை மூடியின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகுங்கள். முகத்தை விலக்கி வையுங்கள்.

சுருள்வில்லை வெளியே எடுக்கும்போது எந்த முனை மேலே இருந்தது என்று பார்த்து வையுங்கள். ஒரு முனையில் வளையங்கள் நெருக்கமாக இருக்கும் வில்லானால் திசை முக்கியம். மேலே சிறு குழாய்த் துண்டோ வாஷரோ இருந்தால் அவற்றை வந்த வரிசையிலேயே ஒரு செய்தித்தாளின் மேல் அடுக்குங்கள். வில்லின் நீளத்தையும் அளந்து கையேட்டிலுள்ள குறைந்தபட்ச நீளத்தோடு ஒப்பிடுங்கள். பதினோரு ஆண்டு உழைத்த வில் தளர்ந்து குறுகியிருந்தால், உங்கள் வண்டியின் முகம் தாழ்வதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அதற்கு மருந்து புது வில்தான், கெட்டி எண்ணெய் அல்ல.

குழாயை ஒரு தட்டின் மேல் தலைகீழாகக் கவிழ்த்துப் பத்துப் பதினைந்து தடவை பம்ப் அடிப்பதுபோல் இழுத்துத் தள்ளுங்கள். வருவது எண்ணெய்போல் இருக்காது: சாம்பல் நிறத்தில், அலுமினியத் தேய்மானம் மினுமினுக்க, கருவாட்டுக் கூடையைத் திறந்தாற்போன்ற நாற்றத்தோடு இறங்கும். பால் ஊற்றிய காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பம்ப் அடித்த பிறகும் அரைமணி நேரம் தலைகீழாகச் சாய்த்து வையுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவது பட்டறை வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் அடியில் தங்கும் மண்ணெண்ணெய் புது எண்ணெயோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். புது ஃபோர்க் ஆயிலிலேயே ஐம்பது மில்லி ஊற்றி அலசிக் கொட்டுங்கள். குழாயைச் சுற்றி நின்று எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் கசியாத வரை, அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டைத் தொட வேண்டியதில்லை. எவ்வளவு ஊற்றுவது, எப்படி அளப்பது என்பதை அடுத்த கடிதத்துக்கான பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

திரும்பப் பொருத்தும்போது ஒன்று: அச்சு போல்ட்டை இறுக்கிய பின், அச்சைக் கவ்விப் பிடிக்கும் சிறு போல்ட் இருந்தால் அதை உடனே இறுக்காமல், வண்டியைத் தரையில் இறக்கி முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை முன்பக்கத்தை அமுக்கிவிட்டு இறுக்குங்கள். இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று நேராக அமர அதுதான் வழி. வண்டியை நகர்த்தும் முன், லீவர் கெட்டியாகும் வரை பிரேக்கைப் பலமுறை அமுக்கிப் பாருங்கள். பேடுகள் விலகியிருந்தால் முதல் அமுக்கலில் பிரேக்கே இருக்காது.

கேள்வி: ஃபோர்க் ஆயிலை நானே மாற்றினேன். கையேட்டில் ஒரு பக்கத்துக்கு 160 மில்லி என்றிருந்தது. பழைய வண்டிதானே, கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று 200 மில்லி வீதம் ஊற்றினேன். முதல் வாரம் அருமையாக இருந்தது. இப்போது முன்பக்கம் மரக்கட்டைபோல் இருக்கிறது, இடப்பக்கச் சீலிலும் எண்ணெய் கசிகிறது. கூடுதல் எண்ணெய்க்கும் கசிவுக்கும் தொடர்பு உண்டா?
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: உண்டு. கணக்காகவே காட்டிவிடலாம்.

எண்ணெயை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். ஃபோர்க் குழாயில் எண்ணெய்க்கு மேலே மூடி வரை விட்டுவைக்கும் காற்றும் ஒரு வில்தான். அமுங்க அமுங்க இறுகிக்கொண்டே போய், கடைசியில் வில் முழுதாகச் சுருண்டு இடிக்காமல் தாங்குவது அதுவே. உங்கள் வண்டியின் குழாய் வெளிவிட்டம் 31 மி.மீ., உள்விட்டம் 27 மி.மீ., ஃபோர்க் அமுங்கும் தூரம் 130 மி.மீ., முழுதாக அமுக்கிய நிலையில் கையேடு சொல்லும் காற்று இடைவெளி 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 27 மி.மீ. உள்விட்டக் குழாயில் 10 மில்லி எண்ணெய் ஏறத்தாழ பதினேழரை மில்லிமீட்டர் உயரத்தை அடைக்கும். நீங்கள் கூடுதலாக ஊற்றிய 40 மில்லி, 70 மி.மீ. இடத்தைத் தின்றுவிட்டது. சரியான அளவில் இருந்தால், ஃபோர்க் நிமிர்ந்த நிலையிலிருந்து முழுதாக அமுங்கும்போது உள்ளே காற்றழுத்தம் சுமார் இரண்டு மடங்காகும்; உங்கள் அளவில் மூன்று மடங்குக்கும் மேல் போகும். சுருள்வில் அடைக்கும் இடத்தைச் சேர்க்காமல் போட்ட தோராயக் கணக்கு இது. சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த அழுத்தத்தைத் தாங்கியது சீலின் மெல்லிய உதடு. அது எத்தனை நாள் தாங்கும்?

ஆகையால் மில்லி அளவை ஊற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, கடைசித் தீர்ப்பை மட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பிரிக்காமல் எண்ணெய் மட்டும் மாற்றினால் உள்ளே பழைய எண்ணெய் கொஞ்சம் தங்கியே இருக்கும். முழுதாகப் பிரித்துத் துடைத்தால் தங்காது. அதனால்தான் சில கையேடுகளில் இரண்டுக்கும் தனித்தனி மில்லி அளவு இருக்கும், மட்டமோ ஒன்றாகவே இருக்கும். வில்லை வெளியே வைத்துவிட்டு, எண்ணெயை ஊற்றி, குழாயை மெதுவாகப் பத்துத் தடவை பம்ப் அடித்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். முதல் நாலைந்து தடவை களக் களக்கென்று சத்தம் வரும். பிறகு ஒரே சீராக, கனமாக நகரும். குழாயை முழுதாகக் கீழே அமுக்கி, செங்குத்தாக நிறுத்திப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள், நுரை அடங்கட்டும். பிறகு குழாயின் மேல்விளிம்பிலிருந்து எண்ணெயின் மேற்பரப்பு வரை அளக்க வேண்டும்.

அளப்பதற்கு விலைகொடுத்துக் கருவி வாங்க வேண்டாம். மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, அதன் மூக்கில், அளக்க வேண்டிய தூரத்தைவிட நீளமான, விறைப்பான மெல்லிய குழாய் ஒன்றை இறுக்கமாகச் செருகுங்கள். அதன் முனையிலிருந்து சரியாக 150 மி.மீ. தூரத்தில், அல்லது உங்கள் கையேடு சொல்லும் தூரத்தில், ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். குச்சியை ஃபோர்க் குழாயின் விளிம்பில் படியவைத்து சிரிஞ்சை இழுத்தால், மட்டத்துக்கு மேலே உள்ள எண்ணெய் மட்டும் ஏறி வரும். மட்டம் வந்ததும் காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்கும். ஐந்து மில்லி கூடுதலாகவே ஊற்றி இப்படி உறிஞ்சி எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்கும்.

இனி கசிவு. எண்ணெய் மட்டத்தைச் சரிசெய்தால் கசிவும் நின்றுவிடும் என்று இருந்துவிடாதீர்கள். முதலில், சீலுக்கு மேலே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலை நெம்பி மேலே தள்ளிவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை ஓர் ஓரத்தில் கொக்கிபோல் வெட்டி, சீலின் உதட்டுக்கும் குழாய்க்கும் இடையில் விட்டுச் சுற்றி எடுங்கள். மணல் துகள் சிக்கியிருந்ததுதான் காரணம் என்றால் கசிவு அத்தோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் சீலை மாற்ற வேண்டும். அதற்கு அடியில் உள்ள ஆலன் போல்ட்டைக் கழற்றி ஃபோர்க்கைப் பிரிக்க வேண்டியிருக்கும்; அந்தப் போல்ட்டின் செம்பு வாஷரைப் புதிதாகப் போடாவிட்டால் சீலில் நின்ற கசிவு அடியில் தொடங்கும். பழைய சீலின் மேல் 31, 43, 10.3 என்பதுபோல் மூன்று எண்கள் அச்சாகியிருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், உயரம். அந்த எண்களைச் சொல்லி வாங்கினால் கடைக்காரர் தவறாக எடுத்துக் கொடுக்க மாட்டார்.

தூத்துக்குடி என்று எழுதியிருக்கிறீர்கள். கடற்கரை ஊர்களில் குரோமியப் பூச்சின் மேல் ஊசிமுனைப் புள்ளிகளாகத் துரு பிடிக்கும். குழாயின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்; எங்காவது நகம் தடுக்கினால், அந்த இடம் சீலின் வழியே போய்வரும் பகுதியா என்று கவனியுங்கள். அப்படியானால் எத்தனை சீல் மாற்றினாலும் அந்தப் புள்ளி அதை அறுத்துக்கொண்டே இருக்கும். சிறிய புள்ளியானால் 1500 எண் எமரித் தாளில் எண்ணெய் தொட்டு மழமழப்பாக்கிச் சமாளிக்கலாம். பெரிதானால் குழாயை மாற்றுவதே சிக்கனம்.

கேள்வி: ஃபோர்க் கேப்பைக் கழற்றும்போது ஸ்க்ரூ ஸ்பானர் வழுக்கி, அறுகோண முனைகள் மழுங்கிவிட்டன. இப்போது எந்த ஸ்பானரும் பிடிக்கவில்லை. கழற்ற வழி உண்டா? அசல் மூடி கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் செய்து போடலாமா?
(காரைக்குடி வாசகர்)

பதில்: அலுமினிய மூடியை ஸ்க்ரூ ஸ்பானரால் திருகுவது, தேங்காயை வாழைப்பழத் தோலால் உடைக்கப் பார்ப்பதுபோல. இருந்தாலும் நடந்தது நடந்துவிட்டது. இந்தக் கோபம் உங்கள் மேல் மட்டும் அல்ல, பட்டறைகளிலேயே இப்படித்தான் பாதி மூடிகள் கெடுகின்றன.

மேல்தட்டின் போல்ட்டைத் தளர்த்தினீர்களா என்று முதலில் பாருங்கள். தளர்த்தாமல் இருந்திருந்தால், தளர்த்தியதுமே மூடி கையோடு வந்தாலும் வரும். அது தளர்ந்த பிறகும் அசையாவிட்டால், ஆறு முனை உள்ள சாக்கெட் ஒன்றை, பன்னிரண்டு முனை உள்ளதை அல்ல, சற்றே இறுக்கமான அளவில் எடுத்து மூடியின் மேல் சுத்தியலால் மெதுவாகத் தட்டி ஏற்றித் திருகுங்கள். அதுவும் பிடிக்காவிட்டால், அரத்தால் எதிரெதிர்ப் பக்கங்களைத் தேய்த்து ஒரு சைஸ் சின்ன ஸ்பானருக்குப் பொருந்தும்படி இரண்டு தட்டையான முகங்களை உண்டாக்குங்கள். பொறுமையான வேலை, ஆனால் நிச்சயமாகப் பிடிக்கும். அரத்தூள் உள்ளே போகாமல் சுற்றிலும் துணி கட்டிக்கொள்ளுங்கள். உளியை வைத்துத் தட்டுவதும் பைப் ரெஞ்ச் போடுவதும் கடைசி வழிகள். கேஸ் வெல்டிங் சூடு காட்டச் சொல்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது எண்ணெய்.

வெளியில் அறுகோணத் தலை இல்லாமல், உள்ளே ஆலன் கீ போடும் பெரிய குழி உள்ள மூடிகளும் உண்டு. 17 மி.மீ. ஆலன் கீ எல்லா வீட்டிலும் இருக்காது. எம்10 போல்ட்டின் தலை பெரும்பாலும் 17 மி.மீ. அளவுதான், அந்த போல்ட்டில் இரண்டு நட்டுகளை ஏற்றி ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டிவிட்டு, தலையைக் குழிக்குள் செருகி, நட்டில் ஸ்பானர் போட்டுத் திருகினால் ஆலன் கீ தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசில் முடியும் விஷயம்.

புது மூடிக்கு வருவோம். சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை போன்ற இடங்களில் நின்றுபோன வண்டிகளுக்குக்கூட மூடி கிடைக்கிறது. போகும்போது பழைய மூடியைக் கையோடு கொண்டுபோய் மூன்றை ஒப்பிடுங்கள். முதலாவது மரை: இரண்டு மூடிகளின் மரைகளையும் பக்கவாட்டில் ஒன்றோடொன்று பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நடுவில் ஒளிக்கீற்று தெரியாமல் பற்களைப்போல் கோத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, மூடியின் அடிப்பாகம் வில்லை அழுத்தும் இடம் வரையுள்ள நீளம். அழகுக்காக விற்கும் பளபளப்பான மூடிகளில் இந்த நீளம் மாறியிருக்கும். ஐந்து மில்லிமீட்டர் நீண்டிருந்தால் வில் அதே அளவு கூடுதலாக அமுங்கி வண்டியின் முன்பக்கம் விறைத்துவிடும். மூன்றாவது, மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் பள்ளம்.

லேத்தில் செய்வதானால் இந்த மூன்றையும் பட்டறைக்காரரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். குறிப்பாக ஓ-ரிங் பள்ளம் ஆழமாகிவிட்டால் ரிங் அமுங்காது, காற்றும் எண்ணெயும் மேல்வழியே வரும். ஆழம் போதாவிட்டால் திருகும்போதே ரிங் அறுந்துவிடும். இரும்பில் செய்துதரச் சொல்லாதீர்கள். குழாயின் மரையும் மூடியின் மரையும் மோதிக்கொண்டால் கெடவேண்டியது விலை குறைந்த மூடிதான், குழாய் அல்ல. அதனால்தான் கம்பெனியே பல வண்டிகளில் மூடியை மட்டும் அலுமினியத்தில் செய்கிறது.

பொருத்தும்போது புது ஓ-ரிங்கில் ஃபோர்க் ஆயிலைத் தடவுங்கள். வில்லின் விசைக்கு எதிராக மூடியை அழுத்திக்கொண்டே திருக வேண்டியிருப்பதால் மரை கோணலாகக் கோப்பதற்கு நிறைய வாய்ப்பு. இதற்கு ஒரு தந்திரம்: மூடியை அழுத்தி, முதலில் கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் 'டிக்' என்று சிறு இறக்கம் கையில் தெரியும். மரையின் தொடக்கம் அங்கேதான். அங்கிருந்து இறுக்கும் திசையில் கையாலேயே இரண்டு சுற்றுப் போக வேண்டும். கை வலித்து ஸ்பானரைத் தேடத் தோன்றினால், கோணலாகப் போகிறது என்று பொருள்; கழற்றி மறுபடி தொடங்குங்கள். குழாயை டி ஸ்டெம்மில் ஏற்றிக் கீழ்த்தட்டை இறுக்கிய பிறகு மூடியை இறுதியாக இறுக்கி, அதற்கும் பிறகு மேல்தட்டை இறுக்குங்கள். பல வண்டிகளுக்கு இந்த இறுக்கம் 20 முதல் 25 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருக்கும். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் பன்னிரண்டு கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற விசை அது; முழு உடம்பையும் சாய்த்து இழுக்கிற இறுக்கம் அல்ல. எண்ணெயை உள்ளே நிறுத்துவது ஓ-ரிங்தான்.

கேள்வி: வலப்பக்கச் சீல் மட்டும் கசிகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதுமா?
(ஈரோடு வாசகர்)

பதில்: போதாது. புது எண்ணெய் ஒரு பக்கமும் ஐந்து வருட எண்ணெய் மறுபக்கமும் இருந்தால் இரண்டு கால்களும் வெவ்வேறு வேகத்தில் அசையும். தவிர, ஒரே நாளில் பொருத்திய இரண்டு சீல்களில் ஒன்று போய்விட்டால் மற்றதற்கும் அதிக நாள் இல்லை. சக்கரத்தை இரண்டாம் தடவை கழற்றும் உழைப்பை நினைத்தாவது சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் புது வண்டியில் தலைகீழ் வகை ஃபோர்க் இருக்கிறது. அதையும் இதே முறையில் வீட்டில் செய்யலாமா?
(சென்னை வாசகர்)

பதில்: வேண்டாம். தடித்த குழாய் மேலேயும் மெல்லிய குழாய் கீழேயும் உள்ள அந்த வகையில் பலவற்றில் மூடி தனித்து நிற்பதில்லை. உள்ளே எண்ணெயால் அசைவைத் தணிக்கும் அமைப்பின் தண்டான டேம்பர் தண்டோடு லாக் நட்டால் இணைந்திருக்கும். வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவியும், அந்தத் தண்டை மேலே இழுத்துப் பிடிக்கும் கருவியும் இல்லாமல் பிரிக்கவும் முடியாது, காற்றை முழுதாக எடுக்கவும் முடியாது. சில வண்டிகளில் இரண்டு கால்களின் உள்ளமைப்பே ஒன்றுபோல் இருக்காது: வில் ஒன்றில், எண்ணெய்க் கட்டுப்பாடு மற்றதில். சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள், எண்ணெய் மட்டம் எத்தனை மில்லிமீட்டர் வைத்தார்கள் என்று மட்டும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வடித்த பழைய எண்ணெயை என்ன செய்வது? சைக்கிள் செயினுக்குப் போடலாமா?
(சேலம் வாசகர்)

பதில்: அதில் அலுமினியத் தூள் கலந்திருக்கிறது, செயினைத் தேய்த்தே தின்றுவிடும். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வையுங்கள். இன்ஜின் ஆயில் மாற்றும் பட்டறைகளில் கழிவெண்ணெய் பீப்பாய் இருக்கும், சுத்திகரிப்புக்கு எடுப்பவர்கள் அங்கே வந்து வாங்கிப் போவார்கள்; உங்கள் அரை லிட்டரையும் அதில் சேர்த்துக்கொள்வார்கள்.